மருமகன் ஓடவைத்த மீன் விளையாட்டு

மஞ்சள் நிறப் பிளாஸ்டிக். உள்ளங்கையை விடச் சற்றுப் பெரியது. முகப்பில் வாயைப் பிளந்தபடி துள்ளும் ஒரு மீன், அதற்கு மேலே எங்களில் எவருக்கும் வாசிக்கத் தெரியாத ஜப்பானிய எழுத்துகள். கப்பலில் வேலை செய்யும் சித்தப்பா அந்தக் கேம் கசற்றைத் துவாய்க்குள் சுற்றிக் கொண்டுவந்து அப்பாவின் மடியில் வைத்த பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜப்பான் துறைமுகம் ஒன்றில், பழைய சாமான் விற்கும் கடையில் கண்டதாகச் சொன்னார். "அண்ணை, இது மீன் பிடிக்கிற விளையாட்டு. கதிரையிலை இருந்துகொண்டே பிடிக்கலாம்" என்றார். அப்பா அதை எடுக்கப் பார்த்தார். வலது கை எழும்பவில்லை. இடது கையால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பாரைக் குட்டி மாதிரிக் கிடக்கு" என்றார். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய பிறகு அவர் வாயிலிருந்து ஒரு மீனின் பெயர் வந்தது அன்றுதான்.

அப்பா நாயாற்றுப் பக்கம் தொழில் செய்தவர். களப்பிலும் கடலிலுமாக வாழ்நாள் முழுவதும் வலை இழுத்த கை அவருடையது. அந்தக் கைக்குப் பயிற்சி கொடுக்கவென்று ஆஸ்பத்திரியில் ஒரு றப்பர் பந்து தந்திருந்தார்கள். நாளும் பொழுதும் அதைப் பிசைய வேண்டும் என்று பயிற்சி கொடுக்கும் மிஸ் கெஞ்சாத குறையாகச் சொல்லியிருந்தார். அப்பா பந்தை முற்றத்தில் எறிந்தார், நாய் அதைக் கவ்விக்கொண்டு போனது. அதன் பிறகு கடல் பக்கம் பார்க்காத மாதிரிக் கதிரையைத் திருப்பிப் போட்டு இருந்துகொண்டார்.

ஆகவே அந்த மஞ்சள் கசற்றை அவர் கீழே வைக்காமல் வைத்திருந்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. வீட்டில் ரீவியில் பொருத்தி ஓடும் ஒரு பழைய கேம் பெட்டி இருந்தது. கனடாவில் இருக்கும் பெரியம்மாவின் மகன் எப்போதோ அனுப்பியது. முல்லைத்தீவு ரவுனில் ரீவி, றேடியோ திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். அப்பாவுக்கு இருக்கும் ஒரே மகனும் நான்தான். இதை ஓடவைப்பது என் வேலை, வேறு எவருடையதும் இல்லை என்று அன்றே மனதுக்குள் எழுதி வைத்துவிட்டேன்.

இங்கே மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தங்கச்சியின் புருசன். தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கிவந்து கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் கமம் செய்த மலையகக் குடும்பத்துப் பிள்ளை. நாங்கள் கத்தோலிக்கர், அவன் சைவக்காரன். தங்கச்சி அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது அப்பா அவளோடு கதைப்பதை நிறுத்தினார். கலியாணத்துக்கும் போகவில்லை. "கடல் தண்ணி காலிலை படாதவன்" என்று சொல்லிச் சிரிப்பார். அவனுடைய 'வாங்க, போங்க' பேச்சைப் பழித்துக் காட்டுவார். அப்பா விழுந்தபின் தங்கச்சியும் அவனும் எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினார்கள். அப்பாவைக் குளிப்பாட்டுவதும் தூக்கி இருத்துவதும் அவன்தான். அப்போதும் அப்பா அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எனக்கு உள்ளூர இதமாக இருந்தது. அவன் வாயாடி, எதிலும் மூக்கை நுழைப்பவன், போனில் வீடியோ பார்த்தே உலகத்தில் எல்லாம் தெரியும் என்று நினைப்பவன். அப்பாவிடம் மட்டும் அவன் கெட்டித்தனம் செல்லவில்லை.

கசற் பெட்டிக்குள் போகவில்லை. கனடாவில் விற்ற பெட்டி அகலமான கசற்றுக்குச் செய்தது. ஜப்பான் கசற் சிறியது, அடியில் இருக்கும் செப்புப் பற்களும் எண்ணிக்கையில் குறைவு. ஒருகாலத்தில் சந்தை எங்கும் மலிவாக விற்ற ரீவி கேம் பெட்டி ஒன்று துருப்பிடித்து என் கடையில் கிடந்தது. அதில் கசற் செருகும் வாய் மட்டும் ஜப்பான் கசற்றுக்குச் சரியாக இருந்தது. அந்த வாயைக் கழற்றினேன். பழுதான கனடாக் கசற் ஒன்றை உடைத்து அதன் அடிப்பற்களை மட்டும் அறுத்தெடுத்தேன். இரண்டுக்கும் இடையே தலைமயிர் போன்ற வயர்களை ஒவ்வொன்றாகப் பொருத்திச் சோல்டர் பிடித்தேன். கண் எரிந்தது. கடைக்கு வந்தவர்களைப் பிறகு வரச்சொல்லித் திருப்பி அனுப்பினேன். எல்லாம் முடித்து அப்பாவின் முன்னால் ரீவியைப் போட்டபோது திரை ஒருமுறை வெளிச்சமாகி அணைந்தது. மறுபடி வெளிச்சமானது, மறுபடி அணைந்தது. கண் சிமிட்டுவது போல அது நிற்காமல் செய்துகொண்டிருந்தது. வயர்களைத் திரும்பவும் திரும்பவும் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை.

"ஜப்பான் சாமான் இதிலை ஓடாது அப்பா" என்றேன்.

"சரி, விடு மகன்" என்று அப்பா கதிரையைத் திருப்பப் பார்த்தார்.

"மாமா, கொஞ்சம் இருங்க" என்றபடி மச்சான் குனிந்து போனை நீட்டினான். யாரோ வெள்ளைக்காரன் இதே பெட்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு பேசும் வீடியோ. பெட்டிக்குள் ஒரு காவல் சிப் இருக்கிறதாம். கசற்றுக்குள்ளும் அதற்குச் சோடியான சிப் ஒன்று இருந்து பதில் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் பெட்டி நின்று நின்று தொடங்குமாம். ஜப்பான் கசற்றுக்குள் அந்தச் சிப் கிடையாது. "இந்தப் பெட்டிச் சிப்போட ஒரு காலைத் தூக்கிவிட்டா அது சும்மா இருந்துடும், மச்சான்." நான் சரி என்று சொல்வதற்குள் ஆணிகளைக் கழற்றிவிட்டான். தங்கச்சியின் சட்டையில் இருந்த ஊசியை வாங்கி, என் சோல்டர் கோலால் சூடுகாட்டி, சிப்பின் ஒரு காலை மெல்ல நெம்பி எழுப்பினான். பெட்டியை மூடிப் போட்டான்.

நீலக் கடல் வந்தது. ஒரு சின்ன மனிதன் தோணியில் நின்றான். தூண்டில் விழும் சத்தம்கூடக் கேட்டது.

அப்பா வாயைத் திறந்தபடி பார்த்தார். பிறகு இடது கையை நீட்டி மச்சானின் தோளைப் பிடித்து, "மருமகன்" என்றார். தங்கச்சி குசினிக்குள் ஓடிப்போய் அழுதாள். நான் சோல்டர் கோலைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். அது ஆறாமல் என் விரலைச் சுட்டது.

அந்த நாளிலிருந்து எங்கள் வீட்டின் கதையே மாறிப்போனது. தூண்டிலை எறியும் பட்டன், கையில் பிடிக்கும் கொன்ரோலரின் வலப்பக்கம் இருந்தது. முதலில் அப்பா வலது பெருவிரலை இடது கையால் தூக்கி அதன்மேல் வைத்து அழுத்தினார். பிறகு விரல் தானாக ஊர்ந்தது. பந்துக்கு அசையாத விரல் ஜப்பான் மீனுக்கு அசைந்தது. பயிற்சி மிஸ் வீட்டுக்கு வந்து பார்த்துக் கைதட்டினார். "மருமகன்தான் ஓடவச்சவர்" என்றார் அப்பா. பூசை முடிந்து பார்க்க வந்த ஃபாதரிடமும் அதையே சொன்னார். மீன் விற்க வந்தவர்களிடமும் சொன்னார். அவனுக்குக் கடல் கதை சொல்லத் தொடங்கினார். எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும், வலை கடலடிப் பாறைப் பாரில் சிக்கினால் எப்படி எடுப்பது, எல்லாம். எனக்கு அவர் ஒருநாளும் அப்படி இருத்திச் சொன்னதில்லை. படி, படி என்று கடற்கரையிலிருந்து துரத்தியவர். ஒருநாள் நான் கடைக்குப் புறப்படும்போது, "கொஞ்சம் இருங்க மருமகன்" என்று அப்பாவின் குரல் கேட்டது. 'இருங்க' என்றார், அதுவும் பழிப்பில்லாமல். சைக்கிளைப் பிடித்தபடி முற்றத்தில் நின்றேன். அந்த ஒரு சொல்லைப்போல வேறெதுவும் என்னை எரித்ததில்லை.

பிறகு வீட்டுக்குப் பெயின்ற் அடித்தோம். பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்ததில் திரை மறுபடி கண்சிமிட்டத் தொடங்கியது. மச்சான் நெல் வெட்ட ஊருக்குப் போயிருந்தான். அப்பா சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பெட்டியைத் திறந்தேன். அவன் எழுப்பிவிட்ட கால் சரிந்து பழைய இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். பெட்டியை அப்படியே மூடி, மருமகன் செய்தது இவ்வளவுதான் என்று சொல்லலாம். அந்த நினைப்பு எனக்கு இனித்தது, மறைக்கவில்லை. அப்போது அப்பாவின் வலது பெருவிரலைப் பார்த்தேன். நித்திரையிலும் அது போர்வையின் மேல் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது. சிப்பின் காலை நிமிர்த்தி, இனி ஒருபோதும் சரியாதபடி ஒரு துண்டுச் சிவப்பு வயரால் கட்டிச் சோல்டர் வைத்தேன்.

அப்பா எழும்பிப் போட்டுப் பார்த்தார். "பாத்தியே, தானாச் சரிவந்திட்டுது. மருமகன் கை வச்சது லேசிலை பழுதாகாது" என்றார். நான், "ஓம் அப்பா" என்றேன்.

போன மாதம் பெட்டிக்குள் எறும்பு புகுந்தது. அப்பாவுக்கு இப்போது ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்க முடிகிறது. ஆனாலும் பின்னேரத்தில் அந்தக் கடல் வேண்டும். துப்புரவாக்கவென்று பெட்டியைத் திறந்த மச்சான் விரல் நுனியால் உள்ளே எதையோ தொட்டுப் பார்த்தான்.

"மாமா, இந்தச் செவப்பு வயர் நான் போட்டது இல்லங்க" என்றான். "இது மச்சான் வேலை. இவ்வளவு நாளும் இது ஓடுறது இவராலதான். அந்த வயர் எல்லாமும் இவர் புடிச்சதுதானே. நான் ஒரு காலை மட்டும்தான் தூக்கிவிட்டேன்."

இவ்வளவு காலம் நான் காத்திருந்த வார்த்தைகள் அவை. அப்பா என்னைப் பார்ப்பார் என்று நின்றேன்.

அப்பா மச்சானைத்தான் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பார் மகன்" என்று என்னிடம் சொன்னார், கண்ணை அவனிலிருந்து எடுக்காமல். "தனக்கு வந்த பேரைத் தூக்கி உனக்குத் தாறார். இப்பிடி ஆர் செய்வினம்? தங்கமான பிள்ளை."

மச்சானுக்கு என் முகம் விளங்கியிருக்க வேண்டும். பெட்டியைத் துடைத்து மூடிப் போட்டுவிட்டு, அப்பாவின் பக்கத்தில் தான் வழக்கமாக இருக்கும் கதிரையை விட்டு எழும்பி, "நீங்க இருங்க மச்சான்" என்றுவிட்டு வெளியே போனான். நான் போய் இருந்தேன். அப்பா தூண்டிலை எறிந்தார். கதிரை இன்னும் அவனுடைய சூட்டோடு இருந்தது.