ஊரடங்கு நாளில் கிடைத்த பால் டின்

சகோதரிகளே, 1964ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஊரடங்கு போட்ட மறுநாள், என் கையில் பணம் இருந்தது. வீட்டில் பால் இல்லை. எட்டு மாதக் குழந்தை என் மடியில் துவண்டு கிடந்தாள். அன்றைக்கு ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன். நான் சபையில் பேசிப் பழகியவள் இல்லை. சண்டை போட்டுத்தான் பழக்கம், என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். பேச்சு முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் தங்கராஜ் 1956இல் சிங்கப்பூருக்கு வந்தவர். தெற்கே ஒரு தீவில் எண்ணெய்க் கிடங்கில் வேலை. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஐந்தாறு ஆண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்து, சேர்ந்தே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு கிடந்தார்கள். பங்கு வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சியதெல்லாம் திருநெல்வேலிக்குப் போய்விடும். அந்தப் பணத்தில்தான் அவருடைய அம்மாவும் கல்யாணமாகாத இரண்டு தங்கைகளும் வாழ்ந்தார்கள். ஊரில் அவரை ஒரு சின்ன ஜமீன்தார் என்றே நினைத்திருந்தார்கள். கல்யாணமாகிக் கப்பலேறும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புறப்படும் அன்று என் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். "ஒத்தையில கெடந்தப்பவே அவன் இவ்வளவு அனுப்புனான். நீ போன பொறவு குறைஞ்சுதுன்னா ஊரு என்ன சொல்லும்? நீயே யோசிச்சுக்கோ."

ஊர் என்ன சொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மருமகள் போய் எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டாள் என்று சொல்லும். அந்தப் பேச்சை மட்டும் வாங்கக் கூடாது என்று கப்பலிலேயே முடிவு செய்துவிட்டேன்.

இங்கே வந்து பார்த்தால் நிலைமை வேறு. அதே சம்பளம்தான். ஆனால் குடும்பத்துக்கென்று தனி அறை எடுத்தோம். முழு வாடகையும் எங்கள் தலையில். கடைவீட்டு மாடியில், பலகை அடித்துப் பிரித்த அறை. பிள்ளை பிறந்ததும் எனக்கு டைபாய்டு வந்து தாய்ப்பால் வற்றிப்போனது. பசும்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்த வேகத்தில் கக்கிவிடுவாள். டின்னில் வரும் பால்மாவுதான் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது என்ன விலை என்று உங்களுக்குத் தெரியும்.

அப்படியும் ஊருக்குப் போகிற பணத்தில் ஒரு வெள்ளிகூட நான் குறைக்கவில்லை. வேறு எங்கே குறைப்பது? அடுப்பில்தான். மூட்டை அரிசி வாங்க மாட்டேன். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கு வாங்குவேன். தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டம் கலைகிற நேரமாகப் பார்த்துப் போவேன். காய்கறிக்காரர்கள் கூடையைக் கட்டும்போது விலை இறங்கும். வெங்காயம் ஒரு கடையில், எண்ணெய் இன்னொரு கடையில். எங்கே ஒரு காசு மலிவோ அங்கே வாங்குவேன். எதுவானாலும் ரொக்கம். கடன் மட்டும் கிடையாது. கடன் வாங்குவது பாவம் என்று சொல்லி வளர்த்த குடும்பம் எங்களுடையது.

எங்கள் பக்கத்து அறையில் பாக்கியம் அக்கா குடியிருந்தார்கள். இங்கேயே பிறந்தவர்கள். புருஷனுக்கு நகரசபையில் துப்புரவு வேலை, வீட்டில் ஐந்து பிள்ளைகள், மூச்சு விடுகிற மாதிரி கத்திப் பேசுவார்கள். கீழே தெருமுனையில் நானா என்று எல்லோரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் பெரியவர் மளிகைக் கடை வைத்திருந்தார். அக்கா மாதம் முழுக்க அங்கே கணக்கில் வாங்குவார்கள். சம்பளம் வந்ததும் அடைப்பார்கள். பாதி நேரம் பாக்கி அடுத்த மாதத்துக்குத் தள்ளும். நான் வந்த புதிதில் அக்கா என்னிடம், "நான் சொன்னா நானா உனக்கும் கணக்கு போட்டுக் குடுப்பாரு. ஏன் இந்த வெயில்ல கடை கடையா அலையிற?" என்று கேட்டார்கள்.

"நாங்க கடன் வாங்கிச் சாப்பிடுற குடும்பம் இல்லக்கா" என்றேன்.

அக்கா தன் அறைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பைப்படியில் பார்த்தால் சிரிப்பதோடு சரி. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஜூலையில் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை எடுத்துத் தனியாகக் கட்டி வைத்திருந்தேன். பால் டின்னின் அடி தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு நாள் வரும், மறுநாள் காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். வீட்டுக்காரர் வேலைக்காகத் தீவுக்குப் படகேறிப் போயிருந்தார். அன்று சாயங்காலம் தெருவில் ஜனங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. கீழே கடைகளின் பலகைக் கதவுகள் படபடவென்று மூடின. கெய்லாங் பக்கம் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம், வெட்டு, குத்து, வீடுகளுக்குத் தீ என்று சொன்னார்கள். இருட்டிய பிறகு அக்கா வீட்டு ரெடிஃப்யூஷன் ரேடியோப் பெட்டி ஊரடங்கை அறிவித்தது. வீட்டுக்காரர் வரவில்லை. படகு ஓடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அன்று அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது.

காலையில் கொஞ்ச நேரம் ஊரடங்கைத் தளர்த்தினார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கட்டி வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன். மாமியார் முகம் ஒரு நொடி கண்ணில் வந்தது. வரட்டும் என்று நடந்தேன்.

தேக்காவில் நிற்க இடமில்லை. அரிசிக்கும் மீனுக்கும் ஆட்கள் அடித்துக்கொண்டார்கள். மளிகைக் கடைகளெல்லாம் ஒரு பலகையை மட்டும் திறந்து வைத்து உள்ளேயிருந்து சாமான் கொடுத்தார்கள். நான் போன கடையிலெல்லாம் ஒரே கேள்வி: கணக்கு யார் பெயரில்? எந்தக் கடையிலும் என் பெயர் இல்லை. வெங்காயம் வாங்கிய கடைக்காரருக்கும் என்னைத் தெரியவில்லை, எண்ணெய் வாங்கிய கடைக்காரருக்கும் தெரியவில்லை. கடைசியில் நானா கடைக்கு வந்தேன். அவருக்குப் பின்னால் அலமாரியில் பால் டின்கள் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன்.

"கணக்கு எந்தப் பேருலம்மா?"

"கணக்கு இல்ல நானா. ரொக்கமாத் தாரேன். பிள்ளைக்கு."

"ரொக்கத்த இன்னிக்கு எல்லாரும்தான் கொண்டாந்து நீட்டுறாங்க. இருக்கறது என் கணக்குக்காரங்களுக்கே பத்தாது. நாளைக்கு அவங்க பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? தப்பா நெனைக்காதீங்கம்மா."

"ரெண்டு மடங்கு தாரேன் நானா."

"அப்படி வித்தா நான் மனுஷனா?" என்றார். குரலில் கோபம் இல்லை.

அந்தக் கூட்டத்தில் பாக்கியம் அக்கா நின்றதைப் பார்த்தேன். இவர்கள் முன்னாலா இப்படித் திரும்பிப் போக வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச நேரத்தில் போலீஸ் வண்டி ஒலிபெருக்கியோடு வந்துவிட்டது. மறுபடி ஊரடங்கு.

வீட்டில் மிஞ்சியிருந்த மாவைத் தண்ணீர் கூட்டிக் கரைத்துக் கொடுத்தேன். அதுவும் தீர்ந்தது. கஞ்சித் தண்ணீர் கொடுத்தேன், கக்கிவிட்டாள். சீனித் தண்ணீரும் நிற்கவில்லை. வயிற்றுப்போக்கு தொடங்கியது. மத்தியானம்வரை வீறிட்டு அழுதவள் பிறகு முனகினாள். அப்புறம் முனகலும் இல்லை. கண் உள்ளே போய்விட்டது, நாக்கு காய்ந்துவிட்டது. சன்னல் வழியாகப் பார்த்தால் சிராங்கூன் ரோட்டில் ஒரு காக்கா இல்லை. பட்டப்பகலில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதே இல்லை. யாரைக் கூப்பிடுவது? வெளியே கால் வைத்தால் பிடிப்பார்களா, சுடுவார்களா?

முழங்காலில் விழுந்தேன். உண்மையைச் சொல்கிறேன், முதலில் நான் கெஞ்சவில்லை. ஆண்டவரோடும் சண்டைதான் போட்டேன். "நாங்கள் யாருக்காவது ஒரு காசு பாக்கி வைத்தோமா? காணிக்கை தவறினோமா? ஊரில் மூன்று வயிற்றுக்குச் சோறு போடுகிறோமே, என் பிள்ளை வயிற்றுக்கு ஒரு வாய் பால் உம்மிடம் இல்லையா?" என்று கேட்டேன். கேட்டுக்கொண்டே பிள்ளையின் கையைத் தூக்கினேன். விட்டதும் தொப்பென்று விழுந்தது. அதோடு என் சண்டையெல்லாம் போய்விட்டது. "ஆண்டவரே, எனக்கு ரோஷம் வேண்டாம், பேர் வேண்டாம், பிள்ளை போதும். யார் கையால் வந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்" என்று அழுதேன். அவ்வளவுதான் என் ஜெபம். ஆமென் என்று சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஜெயா, கதவத் தொற. பிள்ள அழுற சத்தமே கேக்கலயே, என்னடி ஆச்சு?"

திறந்தேன். பாக்கியம் அக்கா கையில் பால் டின்னும் சுடுதண்ணீர்ப் போத்தலும் இருந்தன. அக்கா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து பாலைக் கரைக்கத் தொடங்கினார்கள்.

"எங்கக்கா கெடச்சுது?"

"நானா கடையிலதான். காலையில உன்ன திருப்பி அனுப்புனத பாத்தேன்ல. பக்கத்து ரூம் பிள்ளைக்கு ஒன்னு குடுங்க, என் கணக்குல எழுதிக்குங்கன்னு சொன்னேன். மறுபேச்சு இல்லாம குடுத்தாரு."

"காலையிலயேவா? ஏங்க்கா அப்பவே தரல?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். "எப்படித் தர்றது? கடன் வாங்கிச் சாப்பிடுற குடும்பம் இல்லன்னு சொன்னவ நீ. நான் கடனுக்கு வாங்குனத கொண்டாந்து நீட்டி, நீ வேணாம்னு மூஞ்சில அடிச்சா? ரெண்டு தடவ உன் கதவு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டேன். இப்ப சத்தம் நின்னதும் எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. எங்க காளியாத்தாதான் போடின்னு தள்ளிவிட்டா."

யார் தள்ளிவிட்டது என்று நான் வாதாடவில்லை. அந்த அக்கா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். "அழுவறத அப்புறம் பாத்துக்கலாம்லா, முதல்ல பிள்ளையத் தூக்கிப் புடி" என்று அதட்டினார்கள்.

கரண்டியால் ஒவ்வொரு சொட்டாக விட்டோம். முதல் கரண்டி ஓரமாக வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. அதற்கடுத்ததை என் மகள் பிரேமா விழுங்கினாள். தொண்டை அசைந்ததை நான் பார்த்தேன். அந்த ஒரு அசைவுக்காக இன்றைக்கும் ஆண்டவரைத் துதிக்கிறேன். பொழுது சாய்வதற்குள் கண்ணைத் திறந்து அழுதாள். பிள்ளை அழுகிறதே என்று சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மறுநாள் ஊரடங்கு தளர்ந்ததும் நானும் அக்காவும் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பயமில்லை, தேறிவிடுவாள் என்றார்கள்.

சகோதரிகளே, இதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். நான் முழங்காலில் நிற்பதற்கு முன்பே பால் வந்துவிட்டது. பலகைக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், காலையிலிருந்து இருந்தது. ஆண்டவர் தாமதிக்கவே இல்லை. என் வாய்தான் அதை அங்கேயே நிறுத்தி வைத்திருந்தது.

வீட்டுக்காரர் தாடியும் மீசையுமாக வந்து சேர்ந்தபோது நான் முடிவு செய்து வைத்திருந்தேன். "இனி ஊருக்குப் போற பணத்தக் குறைக்கணும். வீட்டுல எப்பவும் அரிசியும் பாலும் இருக்கணும்" என்றேன். அம்மாவுக்கு என்ன எழுதுவது என்று அவர் தலையைச் சொறிந்தார். "உங்க மருமகதான் குறைச்சான்னு எழுதுங்க" என்றேன். அப்படியே எழுதினார். மாமியார் அதற்குப் பிறகு ரொம்ப நாள் கடிதத்தில் என்னை விசாரிக்கவில்லை. பேத்தி நலமா என்று மட்டும் கேட்பார்கள். ஊரும் நான் பயந்த பேச்சைப் பேசத்தான் செய்தது. அந்தப் பேச்சால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை.

நானா கடைக்குப் போய் அக்காவின் கணக்கில் என் டின்னுக்கான பணத்தைக் கட்டிவிட்டு, எனக்கும் கணக்கு வேண்டும் என்று கேட்டேன். அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு, "இப்பத்தாம்மா நீங்க சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்திருக்கீங்க" என்று சிரித்தார். அந்த செப்டம்பரில் மறுபடி கலவரம், மறுபடி ஊரடங்கு. நானா கடைப் பையன் கேட்காமலேயே அரிசியும் பால்மாவும் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போனான்.

இன்று நாங்கள் தோ பாயோவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பிரேமா அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகிறாள். என் ரோஷத்தை எடுத்துவிட்டு என் பிள்ளையைக் கொடுத்த ஆண்டவருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது. நம் சபையில் புதிதாகக் கப்பலிறங்கி வந்த தங்கச்சிகள் சிலர் இருக்கிறீர்கள். சம்பளத்தைப் பார்த்து, ஊரை நினைத்து, அடுப்பைச் சுருக்கிக்கொண்டு இருப்பீர்கள். எனக்குத் தெரியும், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நெருக்கம் வரும்போது ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் கேட்பார், அதற்கு நானே சாட்சி. ஆனால் ஜெபம் முடிந்ததும் எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தட்ட வெட்கமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். கூடவே வந்து நானே தட்டுகிறேன்.