கரும்பு வண்டிக்குப் பின்னால்

மகளுக்குப் பெரம்பலூரில் வங்கித் தேர்வு. ஒன்பதரைக்கு வாயிலை மூடிவிடுவார்கள். நானோ கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று இரண்டு முறை பாதி வழியில் ஸ்கூட்டரை வீட்டுக்கே திருப்பினேன்.

ஓட்டும்போதும் விடவில்லை. "தடுக்கறதுக்கு இங்கிலீஷ்ல என்னென்ன சொல்லு?"

"ஹிண்டர், இம்பீட், அப்ஸ்ட்ரக்ட், ஹாம்பர். போதும்மா, ரோட்டப் பாரு."

எறையூர் அருகே, ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர் சாலையை அடைத்து ஊர்ந்தது. விடாமல் ஹாரன் அடித்தேன். கரும்புக்குத்தான் அடிக்கிறேன் என்று நினைத்த டிரைவர் தலையை நீட்டினார். "ரெண்டு உருவிக்கங்க, எதுக்கு இந்தச் சத்தம்?"

"எம்பொண்ணுக்குப் பரீட்சைங்க! வழிய மறிக்கிறீங்களே!"

உடனே வண்டியை நிறுத்தி இறங்கியவர், எதிரே வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்திவிட்டு எங்களை அனுப்பினார். நன்றி சொல்லக்கூட நான் நிற்கவில்லை. மூன்று நிமிடம் மிச்சமிருக்கப் போய்ச் சேர்ந்தோம்.

தேர்வு முடிந்து சிரித்துக்கொண்டே வந்தாள். "வழியில நீ கேட்டியே, அந்தத் தடுக்கற வார்த்த, அது வந்துச்சும்மா. உதாரணம் கேட்டிருந்தா உன்னத்தான் எழுதியிருப்பேன்."

"டிராக்டர்காரர எழுத மாட்டியா?"

"அவரு வழி விட்டாரு. நீதான் ரெண்டு தடவ வூட்டுக்குத் திருப்பின."

அடுத்த தேர்வுக்கு அவளே ஓட்டட்டும். நான் வாயைத் திறக்காமல் பின்னால் உட்கார்ந்து வருவேன்.