மெத்தைக் கடையின் புது ஊழியர்

அவளுக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர் கத்திரி. அவள் காதுபட யாரும் சொல்ல மாட்டார்கள். வரிக் கணக்குப் பார்ப்பது அவள் தொழில். வீட்டுச் செலவை எல்லாம் கடைச் செலவு என்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினால், முகத்துக்கு நேரே சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிடுவாள். முன்பு பெரிய ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தவள்தான். முதலாளியின் சொந்தக் கணக்கிலேயே கோடு போட்டதால் வெளியே வரவேண்டியதாயிற்று. இப்போது சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. இஸ்திரி ஆவி ஜன்னல் வழியே ஏறி வரும். வருகிறவர்கள் பொய் சொல்லுமுன்பே வியர்த்துவிடுவார்கள்.

மெத்தைக் கடைக்காரர் ஒருநாள் வந்தார். குடும்பத்தோடு கடற்கரை விடுதியில் தங்கிய செலவை 'மெத்தை ஆராய்ச்சி' என்று எழுதியிருந்தார்.

"என்ன ஆராய்ச்சி சார்?"

"அங்க மெத்தை எப்படி இருக்குன்னு படுத்துப் பார்த்தேன் மேடம்."

"உங்க மாமியார்?"

"அவங்களும் படுத்துப் பார்த்தாங்க."

கோடு விழுந்தது. தொடர்ந்து இன்னும் நாலைந்து. முகம் சுண்டிப்போன மனிதர், மனைவியைக் கடை ஊழியர் என்று சொல்லி, அவர் பெயரில் சம்பளச் செலவு காட்டலாமா என்று கேட்டார். யாரோ ஓதியிருக்கிறார்கள்.

"தாராளமா காட்டலாம். ஆனா அவங்க நிஜமாவே வேலை செய்யணும். சம்பளம் அவங்க பேங்க் கணக்குக்குப் போகணும்."

"அவ்வளவுதானே!" என்று துள்ளிக்கொண்டு போனார்.

மறுவாரமே மனைவி கடைக்கு வந்தார். மதியம் காட்சி மெத்தையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த முதலாளியை முதல் வேலையாகத் தட்டி எழுப்பினார். முதுகுவலிக்காரர்களிடம் பொறுமையாக உட்கார்ந்து கதை கேட்டார். சொன்னவர்கள் யாரும் வாங்காமல் போகவில்லை. மாதக் கடைசியில் கணவர் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டபோது, "வேற ஸ்டாஃப்கிட்ட இப்படிக் கேட்பீங்களா?" என்றார்.

கணவர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"மேடம், அவளை வேலையை விட்டு எடுக்க ஒரு வழி சொல்லுங்க."

"நேர்ல சொல்லிடுங்க."

"யாரு, நானா?"

"முதலாளி நீங்கதானே?"

வியர்வையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். கத்திரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்த பிறகு, ஒரு குடும்பத்தில் குண்டைப் போட்டுவிட்டோமோ என்று உறுத்தவும் செய்தது.

வருடக் கணக்கு முடிக்கும் நேரத்தில் இருவரும் சேர்ந்தே வந்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மனைவி கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் எவ்வளவு வரி கட்டணும்னு பாருங்க."

"உங்களுக்கு வரியே வராதும்மா. சம்பளம் அந்த அளவுக்கு இல்ல."

இதைக் கேட்டால் மற்றவர்கள் காலில் விழாத குறையாக நன்றி சொல்வார்கள். இந்த அம்மாளுக்கோ முகம் தொங்கிப்போயிற்று.

"தூங்கிட்டே இருந்த இவர் கட்டுறார். அவ்வளவும் வித்த நான் கட்ட வேண்டாமா?" மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார். "சம்பளத்தை ஏத்துங்க."

அவர் கத்திரியைப் பரிதாபமாகப் பார்த்தார். "இது செலவுல வருமா மேடம்?"

"முழுசா வரும் சார்."

ஏற்றினார். அடுத்த வருடம் அம்மாளுக்குக் கொஞ்சம் வரி வந்தது. கட்டிய அன்றே, கடை வாசலில் இருந்த குழிக்காக நகராட்சிக்குப் போன் போட்டு, "வரி கட்டுறவ பேசறேன்" என்று ஆரம்பித்தாராம். அது நகராட்சி வரி, இது வருமான வரி, இரண்டும் வேறு வேறு என்று கத்திரி எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். அம்மாள் கேட்கிற மாதிரி இல்லை.