இரண்டாயிரத்து எண்ணூறு விஷு வாழ்த்துகள்

விஷுவுக்கு மறுநாள் வியாழக்கிழமை காலை, புது வேலைக்காக டப்ளின் விமானத்தைப் பிடிக்கப் போகிற வழியில் அனூப் ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தான். ஆலப்புழையின் அந்தக் கயிற்றுப்பாய் ஏற்றுமதிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பாஸ்வேர்டு எழுதிய துண்டுச்சீட்டை, ஆபீஸ் கணக்கெழுதும் பின்ஸியிடம் நீட்டினான். "சேச்சி, இனி குப்பை பெருக்கறது உங்க பாடு."

குப்பை என்றால் ஸ்பாம், கேட்காமலே வந்து குவியும் மின்னஞ்சல். தினமும் நானூறு லாட்டரிப் பரிசு, வழுக்கைத் தைலம். அதற்குள் நிஜ ஆர்டர் ஒன்று மாட்டிக்கொண்டிருந்தால்? குருவிளா முதலாளிக்கு அந்தப் பயம். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் அழிக்க வேண்டும்.

பத்தரை மணிக்கு பின்ஸி ராட்டர்டாமுக்கு விலைப்பட்டியல் அனுப்பினாள். இரண்டு கண்டெய்னர் கயிற்றுக் கால்மிதி. வெள்ளி மாலைக்குள் கம்பெனி முகவரியிலிருந்தே போய்ச் சேராவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். அரை நிமிடத்தில் கடிதம் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது.

வழக்கமாக யாரும் படிக்காத அந்தத் திருப்பு அறிக்கையை அவள் வரிவரியாகப் படித்தாள். ஸ்பாம் அனுப்புகிறவர்களின் தடைப்பட்டியலில் கம்பெனி இருக்கிறதாம். நேற்று ஒரே மணி நேரத்தில் இரண்டாயிரத்து எண்ணூறு கடிதம், பெரும்பாலும் எப்போதோ கைவிட்ட முகவரிகளுக்கு. ஸ்பாம்காரர்களைப் பிடிக்கப் பொறி வைப்பதே அந்த மாதிரி முகவரிகளில்தான்.

பின்ஸிக்குப் புரிந்துவிட்டது. திருடன் அகப்பட்டுவிட்டான். முப்பது வருடக் கண்காட்சிகளில் சேர்ந்த விசிட்டிங் கார்டு அத்தனைக்கும் கொன்றைப்பூப் படத்தோடு வாழ்த்து அனுப்ப நேற்று அனூப்பிடம் சொன்னது முதலாளி.

"முதலாளி, நம்மள ஸ்பாம்காரன்னு எழுதி வச்சுட்டாங்க."

"வாழ்த்து சொன்னதுக்கா?"

"செத்தவங்களுக்கும் சொல்லியிருக்கோமே. அந்தப் பேரையெல்லாம் வெட்டிட்டோம்னு எழுதிக் குடுத்தாதான் விடுவாங்க."

"செத்துட்டான்னு நீ போய்ப் பாத்தியா மோளே?"

"நேத்து அனுப்பித் திரும்பி வந்த வாழ்த்தே சொல்லுதே. பழைய கார்டு வேணுமா, கண்டெய்னர் வேணுமா?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெட்டு. பெர்கன் கிழவன மட்டும் விட்டுடு. என்கிட்ட முதல் பாய் வாங்கினவன்."

"ஒம்பது வருஷமா அவர் மூச்சே விடலையே."

"லெட்டர் திரும்பி வந்துச்சா?"

பார்த்தாள். வரவில்லை. விட்டுவிட்டாள்.

சாயந்திரத்துக்குள் இரண்டாயிரத்து எழுநூறு பேரை வெட்டி மனு அனுப்பினாள். வெள்ளி மூன்று மணிக்குத் தடை நீங்கியது. விலைப்பட்டியலை அனுப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நிமிடம். ஒரு நிமிடம். பாய் கட்டுகிறவர்கள்கூட வாசலில் வந்து நின்றார்கள். திரும்பவில்லை. ஐந்து மணிக்கு ராட்டர்டாம் ஒப்புக்கொண்டது. முதலாளி எல்லோருக்கும் டீக்கடையிலிருந்து பழம்பொரி வாங்கினார்.

அடுத்த விஷுவுக்கு மிஞ்சிய நூறு பேருக்கும் பின்ஸி தனித்தனியே வாழ்த்து அனுப்பினாள். ஒரு வாரம் கழித்து, குப்பையில், இரண்டு லாட்டரிகளுக்கு நடுவே பெர்கன் என்ற பெயர் தெரிந்தது. "முதலாளி, ஓடி வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டே திறந்தாள்.

"அப்பாவின் கடையை மறுபடி திறந்திருக்கிறேன். போன வருடமும் இதே மஞ்சள் பூ வந்தது. அதன் பெயர் என்ன? நீலக்கரைப் பாய் இன்னும் நெய்கிறீர்களா? நாற்பது வேண்டும்."