பூட்டக்கா மூடாமல் விட்டது

பெற்றோர் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. வாசல் காவலர் முதல் மேனேஜர் வரை அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் பூட்டக்கா. கிளம்பும்போது கதவை இழுத்துப் பார்ப்பாள், நாலடி நடப்பாள், திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். குழாய், அடுப்பு, அலமாரி, சாப்பாட்டு டப்பா என்று எதையும் ஒரே தடவையில் மூடிவிட்டதாக அவள் மனம் ஒத்துக்கொண்டதே கிடையாது. இப்படி ஒரு குணத்தோடு குடும்பம் நடத்துவது பெரும்பாடு. ஆனால் அவள் பார்த்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான குணம் தேடினாலும் கிடைக்காது.

பெரிய மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் படங்களைச் சேமித்து வைக்கும் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. ஒவ்வொரு படமும் மூன்று சர்வர்களில் மூன்று பிரதியாக இருக்கும். எல்லா டிஸ்க்கும் பூட்டுப் போட்டவை. எவனாவது ஒன்றைக் கழற்றிக்கொண்டு ஓடினாலும் சாவி இல்லாமல் ஒரு படம்கூடத் தெரியாது. சாவிகள் வேறொரு இடத்தில் பத்திரமாக இருக்கும். சர்வர் எழும்போது சாவியை வாங்கிப் பூட்டைத் திறந்துகொள்ளும். அணைக்கும்வரை திறந்தேதான் வைத்திருக்கும். பழைய டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்த பிறகும் திறந்த பகுதி அப்படியே கிடக்கும், குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் விளக்கு எரிகிற மாதிரி. அந்த மிச்சங்களை மூடி, சாவியை அழித்து, இடத்தைத் துடைத்துக் கொடுத்தால்தான் புது டிஸ்க் போட முடியும். முதலில் மூட வேண்டும், அப்புறம்தான் சாவியை அழிக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கிற டிஸ்க் என்றால் மூட மறுத்துவிடும், சாவி தப்பிக்கும். இந்த வரிசையை அவள் மாற்றியதே இல்லை.

அன்றைக்கு மாற்றினாள். அதற்குக் காரணம் வீட்டுக்காரர்.

அவர் அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவர். தினமும் அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போவார். தெருமுனைவரை போய், அவள் கதவைப் பார்ப்பதற்காகத் திரும்பி, மறுபடி கிளம்பி, இதனால் தாமதமாகி முந்தின நாள் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். காலையில் பைக்கை உதைக்கும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

"இன்னைக்கு ஒருநாள் திரும்பிப் பாக்காம வா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பூட்டினேனான்னு சந்தேகமா இருக்குங்க."

"உனக்கு என்னைக்குத்தான் சந்தேகம் இல்ல?"

பைக் தெருமுனையைத் தாண்டியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவள் உடம்புதான் நாற்காலியில் இருந்தது. மனசு வீட்டு வாசலில் நின்று கதவை இழுத்துக்கொண்டிருந்தது. எழுந்து தண்ணீர் குடித்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். போனை எடுத்து அவர் எண்ணைத் தேடுவாள், கீழே வைப்பாள். கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து கேட்கவில்லை.

போதாததற்கு மேனேஜர் தன் அறைக்கும் அவள் மேஜைக்கும் நடையாய் நடந்தார். மூன்று சர்வர்களில் ஒன்று போர்டு போய்ப் படுத்துவிட்டது. இரண்டாவதில் முந்தின நாள்தான் ஒரு டிஸ்க் செத்துப்போனது. மூன்றாவதிலுள்ள மிச்சங்களைத் துடைத்துப் புது டிஸ்க் போட்டால்தான் மூச்சு விட முடியும்.

"எலக்ட்ரீஷியன் மத்தியானம் வந்துடுவாரும்மா. அந்த மூணாவது சர்வர் இருக்கிற ராக்குக்குப் புது லைன் இழுக்கணும், கொஞ்ச நேரம் கரண்டை நிறுத்தணும். அதுக்குள்ள முடிச்சிடுங்க."

அவசரத்தில் சாவிகளையெல்லாம் முதலில் மொத்தமாக அழித்துவிட்டு, மூடுகிற வேலையைக் கடைசியில் வைத்துக்கொண்டாள். ஒன்று மூடியது. அடுத்ததும் மூடியது. அதற்கடுத்தது மூட மாட்டேன் என்றது. உபயோகத்தில் இருக்கிறது என்று சர்வர் சொன்னது.

அது காலி வீடு இல்லை. உள்ளே ஆள் இருக்கிறது. பக்கத்து வரியில் இருந்த எண்ணைப் போய் அடித்திருக்கிறாள். உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கின் சாவியை அழித்துவிட்டாள். மற்ற சர்வர்கள் கிடந்த கிடப்பில், ஒரு பங்கு படங்களுக்கு இந்த ஒரு பிரதிதான் மிச்சம். மறுநாள் ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களின் படங்களும் அதில் உண்டு. இப்போதைக்குத் திறந்திருக்கிறது, அதனால் படிக்க முடிகிறது. ஒரு தடவை கரண்ட் போனால் அதோடு சரி. அப்புறம் யார் வந்தாலும் திறக்காது.

வேறு டிஸ்க்குகளுக்கு நகல் எடுக்கும் வேலையை முடுக்கிவிட்டாள். மூடுவதற்கென்றே பிறந்தவள் ஒன்று மூடிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் கண்ணாடிக்கு அப்பால் எலக்ட்ரீஷியனின் தொப்பி தெரிந்தது. மனுஷன் சீக்கிரமே வந்துவிட்டார்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள். அவர் கை சுவிட்ச் பெட்டிக்குள் இருந்தது.

"அண்ணே! கையை எடுங்க! தொடாதீங்க!"

அவர் பயந்துபோய்க் கையை உதறினார். "ஷாக் அடிக்குதா?"

"எனக்கு அடிச்சிருச்சு. உங்களுக்கு வேணாம்."

மேனேஜர் வந்தார். அவள் ஒளிக்கவில்லை, நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்களா? நீங்க எப்படிம்மா இதைப் பண்ணினீங்க?"

"வீட்டுக் கதவையே நினைச்சிட்டிருந்தேன் சார்."

திட்டுவதா, சிரிப்பதா, அழுவதா என்று தெரியாமல் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். அவள் ராக்கின் முன்னால் நின்றாள். குளிர்காற்று வெறுங்காலில் ஏறியது. யாராவது வயரில் தடுக்கிவிடுவார்களோ என்று பயம். நின்றால் விளக்குகளைப் பார்க்கத் தோன்றியது. பார்த்தால் திரையைப் பார்க்கத் தோன்றியது. எலக்ட்ரீஷியன் கருவிப்பெட்டி மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டார்.

"உக்காருங்கக்கா. நீங்க நிக்கிறதப் பார்த்து எனக்குக் கால் வலிக்குது."

"எனக்கு உக்காந்தா உயிர் போயிரும்ணே."

சாயங்காலம்தான் நகல் முடிந்தது. எல்லாப் படமும் வந்து சேர்ந்ததை ஒன்றுக்கு மூன்று தரம் சரிபார்த்தாள். பிறகு அந்த டிஸ்க்குக்கு முறைப்படி ஓய்வு கொடுத்து மூடினாள். இந்தத் தடவை மறுக்காமல் மூடிக்கொண்டது. போன உயிர் திரும்பி வந்தது. எலக்ட்ரீஷியன் எழுந்து சோம்பல் முறித்து வேலையைத் தொடங்கினார்.

வாசலில் பைக்கோடு வீட்டுக்காரர் நின்றிருந்தார். இனிச் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று கேட்டுவிட்டாள்.

"காலைல நான் கதவைப் பூட்டினேனாங்க?"

"பூட்டியிருந்துச்சு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் பைக் கண்ணாடியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். "உன்னை இறக்கிவிட்டுட்டு நேரா வீட்டுக்குத்தான் போனேன். என்னமோ மனசே கேக்கல."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அப்பவே ஒரு போன் பண்ணிச் சொல்றதுக்கு என்னங்க?"

"நீ சிரிப்பியேன்னுதான்."

நாள் முழுக்க அவளைத் தின்று தீர்த்த கேள்விக்குப் பதில் அவர் சட்டைப்பையில் பேசாமல் இருந்திருக்கிறது. அதை அவரிடம் சொன்னாள், படங்களைப் பற்றியும் சொன்னாள். வழியெல்லாம் அவர் பைக்கை மெதுவாக ஓட்டினார்.

மறுநாள் காலை தெருமுனை வந்ததும் அவள் எதுவும் கேட்கவில்லை. அவராகவே பைக்கைத் திருப்பினார்.