இனிப்புத் தட்டில் எழுதிய பெயர்கள்

குசினியில் நிற்பவன் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்ப்பதில்லை, திரும்பி வரும் தட்டைத்தான் பார்க்கிறான். ரொறன்ரோவில் உணவகக் குசினியில் நின்று முதுகு நோகாத தமிழ்க் குடும்பம் குறைவு என்பதால் உங்களுக்கு இதை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

நான் நின்றது டவுன்ரவுனில் பெரிய பெயர் எடுத்த இடம். கண்ணாடிச் சுவர், நீளமான பார், கூரையிலிருந்து தொங்கும் விளக்குகள். கலியாணம் கட்டாதவர்கள் துணை தேடி வருவார்கள். வெள்ளிக்கிழமைகளில் வரிசை தெரு மூலை வரை நிற்கும். நாங்களோ நகரின் ஓரத்து மோர்னிங்சைட்டிலிருந்து பஸ்ஸும் ரெயினும் மாறி வந்து பின்கதவால் நுழைவோம். குசினி ஆட்கள் முன்மண்டபத்தில் கால் வைக்கக் கூடாது என்பது அந்த இடத்துச் சட்டம்.

தட்டுச் சாத்திரம்

முதலில் எனக்குத் தட்டுக் கழுவும் வேலை. ஒரு இனிப்பும் இரண்டு கரண்டியுமாக வந்தால் அந்த மேசையில் காரியம் சரிவந்துவிட்டது. ஒரு தட்டு வெறுமையாகவும் மற்றது தொடாமலும் வந்தால், ஒருவர் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார், மற்றவர் தப்பியோட அவசரமாகச் சாப்பிட்டிருக்கிறார்.

ஒருநாள் இரண்டு தட்டும் வழித்துத் துடைத்து வந்தன, இனிப்பே எடுக்கவில்லை. எனக்கு விளங்கவில்லை. இனிப்புப் பகுதியில் நின்ற மன்னார் அன்ரன் அண்ணை எட்டிப் பார்த்துச் சொன்னார்: "உது கலியாணம் கட்டி நாள்பட்ட ஆக்கள், தம்பி. கதைக்க ஒண்டுமில்லை, சாப்பிட்டிட்டுப் போட்டினம்."

சொக்லேற் எழுத்து

அன்ரன் அண்ணைக்கு அழகான கையெழுத்து. கலியாணம் கேட்க வருபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பெண்ணின் பெயரையும் "என்னைக் கட்டுவாயா" என்ற கேள்வியையும் அவர் ஆங்கிலத்தில் சொக்லேற்றால் தட்டைச் சுற்றி எழுதி அனுப்புவார். அனுப்பிய பிறகு அவருக்கு வேலை ஓடாது. பரிமாறுகிற பிள்ளை உள்ளே வந்ததும், "ஓம் எண்டவவோ?" என்று கேட்பார்.

அவருடைய மனைவி ஜசிந்தா மன்னாரில் இருந்தா. கலியாணம் முடித்த கையோடு இவர் வெளிக்கிட்டு வந்தவர். இங்கே அகதிக் கேஸ் இழுபட்டது, பிறகு அவவைக் கூப்பிடுகிற ஸ்பொன்சர் இழுபட்டது. இடைவேளையில் பின்சந்தில் நின்று போனில் அவவின் முகத்தைப் பார்ப்பார். "நீர் வந்தவுடன் முதல் சாப்பாடு எங்கட கடையிலதான், முன்மண்டபத்தில இருந்து" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

சில தட்டுகள் எழுத்துக் கலையாமல் திரும்பி வரும். அவற்றை என்னிடம் தரமாட்டார், தானே கழுவுவார். ஏன் என்று கேட்டேன். "எழுதினது நான்தானே. வேற ஆக்கள் ஏன் அழிக்கவேணும்?"

கடைசிச் சனிக்கிழமை

கட்டடம் விலைப்பட்டது, கடையைப் பூட்டிவிட்டு அந்த இடத்தில் அடுக்குமாடி வரப்போகிறதாம். பத்திரிகைக்காரர் வந்து, அங்கே சந்தித்துக் கலியாணம் கட்டிய சோடிகளைப் படம் பிடித்தார்கள். பக்கத்து ஊர் விட்பியிலிருந்து ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு வந்து பாரின் முன்னால் நின்றது. குசினிப் பக்கம் ஒருவரும் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஜசிந்தாவுக்கு விசா வந்தது. கடைசிச் சனிக்கிழமை வந்து இறங்குகிறா. அன்ரன் அண்ணை கையைத் துடைத்துக்கொண்டு போய் மனேஜரிடம் ஒரு மேசை கேட்டார். அந்த மனுசி கெட்டவ இல்லை, ஆனால் சொன்னது இதுதான்: "கடைசி நாள் என்றாலும் சட்டம் சட்டம்தான், அன்ரன்."

அவர் திரும்பி வந்து அடுத்த தட்டை எழுதினார்.

திங்கட்கிழமை மத்தியானம்

குசினியைத் துப்புரவாக்க எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சாமான் ஏற்றுவதற்காக முன்கதவு திறந்து கிடந்தது. மனேஜரும் இல்லை, சட்டமும் இல்லை. அந்தக் கதவால் அன்ரன் அண்ணை ஜசிந்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். மிஞ்சியிருந்த ஒரு மேசையில் இருவரையும் இருத்தி, விளக்குகள் எல்லாவற்றையும் போட்டோம். இருந்ததை வைத்துச் சமைத்தோம். இனிப்புத் தட்டில் ஜசிந்தாவின் பெயரைத் தமிழில் நான்தான் எழுதினேன். கோணல்மாணலாகத்தான் வந்தது.

தட்டைக் கொண்டுபோனபோது அன்ரன் அண்ணை அதைப் பார்க்கவில்லை. அண்ணாந்து, வாய் திறந்தபடி, கூரை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜசிந்தா அவருடைய கையைத் தொட்டுச் சொன்னா: "இஞ்சேருங்கோ, இவ்வளவு காலம் வேலை செய்து, நீங்களும் இண்டைக்குத்தானோ உந்த விளக்குகளைப் பாக்கிறியள்?"

தனியாட்களுக்குத் துணை தேடிக் கொடுத்த இடம் என்று பத்திரிகைகள் பெருமையாக எழுதின, ஆனால் அங்கே ஆகக் கூடிய காலம் தனியாக நின்ற மனுசனுக்கு மேசை கிடைத்தது கடை பூட்டிய பிறகுதான்.