தராசைக் கவிழ்த்த எக்ஸ்

இன்றைக்குக் கணக்கு வகுப்பில் தராசைக் கவிழ்த்தது நான்தான்.

நீங்கள் மூன்று பேரும் ஓட்டப் போட்டிக்குப் பீர்மேடு போய்விட்டீர்கள்; நாளைக் காலையில்தான் பள்ளிக்கு வருவீர்கள். அதனால் நம் ரகசிய நோட்டில் எழுதுகிறேன். (படித்ததும் ஒளித்து அடுத்தவளிடம் கொடுங்கள். இந்நேரம் விளக்கு எரிவது அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.)

டீச்சர் ஒரு கம்பில் இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைக் கட்டித் தராசு செய்து வந்திருந்தார்.

ஒரு சிரட்டையில் இரண்டு துணி முடிச்சுகள், மூன்று கோலிக்குண்டுகள். மற்றதில் பதினொரு குண்டுகள். கம்பு நேராக நின்றது.

"ரெண்டு முடிச்சுலயும் ஒரே அளவு குண்டு இருக்கு. முடிச்சுக்குப் பேரு எக்ஸ். அவுக்காம எத்தனைன்னு சொல்லணும். எஸ்தர், நீ வா."

தராசுக்கு அருகே போனேன். முடிச்சுகளோடு கிடந்த மூன்று குண்டுகளை மட்டும் எடுத்தேன்.

தராசு சாய்ந்தது. பதினொரு குண்டும் பெஞ்சுக்கு அடியில் ஓடின.

"எஸ்தரு தேயிலைக் கொழுந்து நிறுக்கா டீச்சர்" என்றாள் சாந்தி. வகுப்பே சிரித்தது.

(அவள் சொன்னது நிஜம் என்பதுதான் கொடுமை.)

டீச்சர் பிரம்பை எடுக்கவில்லை. "ஏன் அந்த மூணை மட்டும் எடுத்த?"

"எங்கம்மா கொழுந்து நிறுக்கையில அப்படித்தான் டீச்சர். கங்காணி கூடைக்கு ரெண்டு கிலோ கழிச்சுட்டு மிச்சத்தச் சொல்லுவாரு."

"அந்தத் தராசுக்கு எத்தனை தட்டு?"

"தட்டே இல்ல. கொக்கியில மாட்டுவாங்க. முள்ளு காட்டும்."

"இதுக்கு?"

"ரெண்டு."

சொல்லும்போதே புரிந்துவிட்டது. குண்டுகளைப் பொறுக்கி வந்து, எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் மூன்று மூன்றாக எடுத்தேன். கம்பு அசையவில்லை. மீதி எட்டு குண்டுகள், இரண்டு முடிச்சுகள். அப்படியானால் ஒரு முடிச்சுக்கு நான்கு.

அவிழ்த்துப் பார்த்தால் நான்கேதான்.

அதோடு விட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் டீச்சரின் வழக்கம் தெரியும்தானே? தப்பாகப் போட்டவள்தான் மறுநாள் அதே கணக்கை வகுப்புக்கு நடத்த வேண்டும். முடியாது என்று அழுத ரூபியைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் வைத்தே அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

என் அப்பா ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்: "கணக்கு ஏறலன்னா பேசாம கொழுந்தெடுக்கப் போ புள்ள. அம்மைக்காவது ஒத்தாசையா இருக்கும்."

மொச்சைக்கொட்டையை வைத்து மூன்று தடவை செய்து பார்த்துவிட்டேன். மூன்று தடவையும் சரியாக வந்தது. ஆனால் மொச்சைக்கொட்டை சிரிக்காது. சாந்தி சிரிப்பாள். சிரித்தால் எனக்கு வாய் அடைத்துப்போகும்.

அதனால் ஓர் உதவி. நான் பேசாமல் நின்றுவிட்டால், உங்களில் ஒருத்தி எழுந்து, "ரெண்டு பக்கமும் ஏன் எடுக்கணும்?" என்று கேளுங்கள்.

அந்த ஒரு கேள்விக்கு, நம் வகுப்பில் என் அளவுக்குப் பதில் தெரிந்தவள் யாரும் இல்லை.

யார் கேட்கிறீர்கள்? காலை மணி அடிப்பதற்குள் இதன் கீழே பெயரை எழுதிவிடுங்கள்.